குழந்தைகளின் வயிறும் ‘அசிடிட்டி’ வணிகமும்

‘அசிடிட்டி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இன்று எத்தனையோ நோய்நிலைகள் அடைக்கப்பட்டுவிட்டன. கைக்குழந்தை பால் கக்கினாலும் அசிடிட்டி, பள்ளி செல்லும் சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அசிடிட்டி, இரவுப் பணி முடித்து வெறும் வயிற்றில் தேநீர் குடித்த தொழிலாளிக்கு நெஞ்செரிந்தாலும் அசிடிட்டி. நோய்க்கு ஒரே பெயர் என்றால் மருந்துக்கும் ஒரே பெயர் போதும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, அல்லது அதன் சிரப். பெயரின் இந்த வசதி யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தைகளைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இரைப்பையில் உள்ளது உணவுக்குழாய்க்கு மேலேறி வருவது. மற்றொன்று, இரைப்பைச் சுவரில் குடியேறும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் தொற்று. முன்னது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம், தானே சரியாகிவிடும். பின்னது பெரும்பாலும் வறுமையின் தடம், தானே போகாது. இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. பாக்டீரியாவை ஒழித்தால் எதுக்களிப்பு நின்றுவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. எதுக்களிப்புக்குத் தரும் அமிலத் தடுப்பு மருந்து மட்டும் பாக்டீரியாவை ஒழிப்பதுமில்லை.

‘எதுக்களித்தல்’ என்ற சொல்லை இங்கே தெரிந்தே பயன்படுத்துகிறேன். மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது ‘அமிலப் பின்னோட்டம்’ என்றொரு தொடர் கைக்கு வந்து நிற்கும். கழிவுநீர்க் குழாயைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும் அது. நம் பாட்டிமார்களிடம் இதற்கு நுட்பமான சொற்கள் இருந்தன. கக்குதல் வேறு, எதுக்களித்தல் வேறு, ஓங்கரித்தல் வேறு, வாந்தி வேறு. குழந்தை பால் குடித்தபின் சிரித்துக்கொண்டே ஒரு வாய் வெளியே விட்டால் அது கக்குதல். அதை அவர்கள் நோயாகக் கொள்ளவில்லை. ‘கக்குகிற பிள்ளை தக்கும்’ என்று பழமொழியே உண்டு. பழமொழிகள் எல்லாம் அறிவியல் ஆகிவிடா. ஆயினும் இந்த ஒன்றில் இன்றைய குழந்தை மருத்துவம் பாட்டியின் பக்கமே நிற்கிறது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம், பிறந்த சில மாதங்களுக்கு முழுமையாக இறுகிச் செயல்படுவதில்லை. குழந்தை உண்பது நீராகாரம். பெரும்பாலும் படுத்தே கிடக்கிறது. உடல் எடையை ஒப்பிட்டால் அது குடிக்கும் பாலின் அளவோ மிக அதிகம். ஆகவே மேலேறி வரத்தான் செய்யும். நான்காம் மாத வாக்கில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் நாள்தோறும் கக்குகின்றன. உட்காரத் தொடங்கி, திட உணவுக்கு மாறி, ஓராண்டு நிறையும்போது மிகச் சிலரிடமே அது எஞ்சியிருக்கிறது. எடை கூடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இதற்காக மருந்து தேவையில்லை என்பதே உலகெங்கும் உள்ள குழந்தை இரைப்பை மருத்துவர் அமைப்புகளின் வழிகாட்டுதல்.

எவற்றுக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி, இரத்தம் கலந்த வாந்தி, முதல் இரண்டு மாதங்களில் பீறிட்டுத் தொலைவில் விழும் வாந்தி, எடை கூடாமை, பால் குடிக்க மறுத்து உடலை வில்லாக வளைத்து அழுதல், மூச்சுத் திணறல் ஆகியன கக்குதல் அல்ல. உடனே பார்க்கப்பட வேண்டியவை. சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரத ஒவ்வாமையும் இதே வேடத்தில் வரும். இவற்றைப் பிரித்தறிவதற்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவியன்று. குழந்தையை எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்து, தாயோடு பத்து நிமிடம் பேசும் ஒரு மருத்துவரோ செவிலியரோ போதும். அந்தப் பத்து நிமிடம்தான் நம் நாட்டில் கிடைப்பதில்லை. சிரப் கிடைக்கிறது.

அந்தச் சிரப்பினால் பயன் உண்டா? 162 கைக்குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்விக்கு நேரடியாக விடை கூறுகிறது. பாதிப்பேருக்கு லான்சோபிரசோல் என்னும் அமிலத் தடுப்பு மருந்து, மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மருந்து. இரு பிரிவிலும் நலம் கண்டோர் சரிசமமாக 54 விழுக்காடு. மருந்துண்ட பிரிவில்தான் தீவிரமான பக்கவிளைவுகள் அதிகம். அவற்றுள் சுவாசத் தொற்றுகள் முதன்மையானவை. இதில் வியப்பில்லை. இரைப்பை அமிலம் வீணாக வைக்கப்பட்டதன்று. வாய்வழி வரும் கிருமிகளைக் கொல்லும் முதல் காவல் அது. தூய குடிநீர் இல்லாத ஒரு நாட்டில் கைக்குழந்தையின் வயிற்றிலிருந்து அமிலத்தை நீக்குவது, திருடர் நடமாடும் தெருவில் கதவைக் கழற்றி வைப்பதைப் போன்றது.

இன்னும் கசப்பானதொரு வரலாறும் உண்டு. குழந்தைகளின் எதுக்களிப்புக்காக 1990களில் உலகெங்கும் எழுதித் தரப்பட்ட மருந்து சிசாப்ரைட். இதயத் துடிப்பைக் குலைக்கும் தன்மை அதற்கு இருந்தது. 80 மரணங்கள் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான புகார்கள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் குவிந்தபின், 2000ஆம் ஆண்டில் அங்கே அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தியாவில் தடை செய்யப்பட்டது எப்போது தெரியுமா? 2011இல். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் நம் குழந்தைகளின் இதயங்களுக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க இங்கே எந்தப் பதிவேடும் இல்லை. அடுத்து டாம்பெரிடோன் வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகச் சுருக்கியது. பிரிட்டன் 2019இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான அனுமதியையே விலக்கிக்கொண்டது. நம் நாட்டில் அமிலத் தடுப்பு மருந்தோடு டாம்பெரிடோனையும் ஒரே மாத்திரையில் சேர்த்த கலவைகள், மளிகைக் கடைப் பொருள்போல் சீட்டின்றியே விற்பனையாகின்றன.

என்னைப் போல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் வேலை செய்வோரிடம் அரசியல் ஆவணங்களுக்கு அடுத்தபடியாக வந்து சேர்வன மருந்துச் சீட்டுகள். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு மருத்துவர் பேசும் இந்தியும் முழுதாய்ப் புரிவதில்லை, எழுதித் தரும் ஆங்கிலமும் புரிவதில்லை. கட்டட வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர், நான்கு மாதக் குழந்தைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் எழுதித் தந்த சீட்டை நீட்டி, “தோழர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்றார். ஐந்து மருந்துகள். இரண்டு அமிலத்துக்கு, ஒன்று வாந்திக்கு, ஒன்று வாயுவுக்கு, ஒரு சத்து டானிக். நோய் என்னவென்று எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. “குழந்தை எடை என்ன?” என்று கேட்டேன். “எடை பாக்கலையே தோழர்” என்றார். தாய் எங்கே என்று கேட்டபோது, நாற்பதாம் நாளே வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றும், பகலில் ஏழு வயது அக்காள்தான் புட்டிப்பால் கொடுத்துப் படுக்க வைக்கிறாள் என்றும் சொன்னார்.

நோயின் பெயர் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. கக்கும் குழந்தைக்கு மருத்துவ நூல்கள் முதலில் சொல்லும் சிகிச்சை என்ன? தாய்ப்பாலைத் தொடர்வது, சிறுகச் சிறுகப் பலமுறை ஊட்டுவது, ஊட்டியபின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது. மூன்றுக்கும் காசு வேண்டாம், நேரம் வேண்டும். தாயின் நேரமோ ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. வீட்டு வேலை செய்பவருக்கும் செங்கற்சூளையில் மண் பிசைபவருக்கும் வீட்டிலிருந்து பீடி சுற்றுபவருக்கும் அந்தச் சட்டம் எட்டாத வானம். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கருவுற்ற தாய்க்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. அதை நிறைவேற்றுவதாகச் சொல்லி வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று சுருக்கியது. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே பின்னர் சேர்த்துக்கொள்ளப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. ‘பால்னா’ திட்டத்தின்கீழ் குழந்தைக் காப்பகத்தோடு இணைப்பதற்கு ஒன்றிய அரசு வைத்த இலக்கு 17,000.

தாயின் நேரத்தைப் பறித்துக்கொண்டு குழந்தையின் அழுகையை மருந்தால் அடக்கும் வழக்கம் புதியதன்று. எங்கெல்ஸ் 1845இல் எழுதிய, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், ‘காட்ஃபிரேஸ் கார்டியல்’ என்ற அபின் கலந்த பானத்தைத் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகளுக்குப் புகட்டியதைக் குறிப்பிடுகிறார். குழந்தைகள் வெளிறி மெலிந்து, பலர் இரண்டு வயது தாண்டாமல் இறந்ததையும் பதிவு செய்கிறார். இன்றைய சிரப்பில் அபின் இல்லைதான். ஆனால் மான்செஸ்டரில் அந்தப் பானத்துக்குத் தேவையை உண்டாக்கிய அதே சூழல்தான் இன்று நொய்டாவிலும் சூரத்திலும் இதற்குத் தேவையை உண்டாக்குகிறது.

இனி அந்தப் பாக்டீரியாவுக்கு வருவோம்.

இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்றே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நம்பியது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் கவலை, காரம், அதிக அமிலம் என்று பாடநூல்கள் சொல்லின. நம் நாட்டிலும் இதைப் பற்றிய நல்ல ஆய்வுகள் இருந்தன. இரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா, நாடு முழுவதும் பரவியிருந்த இரயில்வே ஊழியர்களிடையே வயிற்றுப்புண்ணைக் கணக்கெடுத்து, வடக்கைவிடத் தெற்கில் அது மிகுதி என்று 1964இல் எழுதினார். உணவு வேறுபாட்டையே அவர் காரணமாகக் கண்டார். அன்று கைக்கு எட்டிய விளக்கம் அதுதான். 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், இரைப்பைத் திசுவில் சுருள் வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறைக்காக வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் விடப்பட்ட தட்டில்தான் அந்தக் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. பலரும் நம்ப மறுத்ததால், 1984இல் மார்ஷல் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலமற்ற ஒரு வளையத்தை அமைத்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் வாழ்கிறது.

இக்கண்டுபிடிப்பை மருத்துவ உலகம் ஏற்பதற்கு ஏன் பத்தாண்டுகள் ஆயின? அறிவியலுக்கே உரிய எச்சரிக்கை ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. மற்றொரு காரணத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 1976இல் வந்த சிமெடிடின், ஆண்டுக்கு நூறு கோடி டாலர் விற்பனையைத் தொட்ட முதல் மருந்தாகக் கருதப்படுகிறது. 1981இல் வந்த ரானிடிடின் அதை முந்தி, எண்பதுகளின் பிற்பகுதியில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்தாயிற்று. இவை புண்ணை ஆற்றின, ஆனால் நோயை நீக்கவில்லை. நிறுத்தினால் புண் திரும்பும். ஆகவே ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். இரண்டு வார ஆன்டிபயாட்டிக்கில் புண் நிரந்தரமாக ஆறிவிடும் என்ற செய்தி எந்தப் பங்குதாரருக்கு இனிக்கும்? ஆன்டிபயாட்டிக் சிகிச்சையே முதன்மையானது என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அறிவித்தது 1994இல்தான். அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இக்கிருமியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது.

ரானிடிடினின் பிற்காலக் கதையும் சுவையானது. என்.டி.எம்.ஏ. என்னும் புற்றுநோயூக்கி மாசு அதில் உருவாவது 2019இல் தெரியவந்தது. 2020இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டது. நம் அரசு 2022இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. எடுத்ததோடு சரி, விற்பனை நிற்கவில்லை.

இக்கிருமி உடலில் நுழைவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். வாய்வழியாக, வாந்தி வழியாக, மலம் கலந்த நீர் வழியாக, தாயிடமிருந்தும் உடன்பிறந்தோரிடமிருந்தும் அது தாவுகிறது. ஒரே அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், ஒரே பாயை எத்தனை குழந்தைகள் பகிர்கிறார்கள், குழாயில் எத்தனை மணி நேரம் நீர் வருகிறது என்பவையே தொற்றைத் தீர்மானிக்கின்றன. இந்தியாவின் ஏழைக் குடும்பங்களில் பத்து வயதுக்குள் பாதியளவோ அதற்கு மேலோ குழந்தைகள் தொற்றுக்கு ஆளாகியிருப்பதை வெவ்வேறு நகரங்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்கு எதிர்நிலையில் ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1950க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பான்மையோர் இக்கிருமியைச் சுமந்தவர்கள். 1990களுக்குப் பின் பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே அது குறைந்துவிட்டது. தடுப்பூசி வரவில்லை. கிருமி ஒழிப்பு மருந்தை நாட்டுக் காப்பீட்டின்கீழ் பரவலாகத் தரத் தொடங்கியதே 2013இல்தான். சரிவோ அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. சாக்கடை மூடப்பட்டது, குழாயில் தூய நீர் வந்தது, வீடு விசாலமாயிற்று. மருத்துவர் கை வைக்காமலேயே ஒரு கிருமி ஒரு தலைமுறையின் வயிற்றிலிருந்து வெளியேறியது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? தில்லி ஜங்க்புராவில் பாராபுல்லா ஓடையின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த ‘மதராசி கேம்ப்’ 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று அறிவிக்கப்பட்டன. அதுவும் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நரேலாவில். மற்றவர்கள் எங்கே போனார்கள்? வேறொரு குடிசைப் பகுதியில், இருந்ததைவிடச் சிறிய அறையில், இருந்ததைவிட அதிகம் பேரோடு நெருக்கிக்கொண்டார்கள். ஓடை நாற்றத்தை நீக்குவதற்காகவென்று மனிதர்களை நீக்கும் இந்நடவடிக்கையை நாம் வீட்டுரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறோம், சரி. அது குழந்தைகளின் இரைப்பைப் பிரச்சினையும்கூட. வீட்டு வாடகை ஏறும்போது பாயில் ஒரு குழந்தை கூடுகிறது.

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது குழாய் இணைப்புப் பெற்றிருந்த ஊரகக் குடும்பங்கள் 17 விழுக்காடு மட்டுமே. இப்போது ஏறத்தாழ 80 விழுக்காடு என்கிறது அரசு. 2024இல் முடிய வேண்டியது 2028க்குத் தள்ளப்பட்டிருக்கிறது. இணைப்பு கூடியதை நாம் மறுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, குழாயில் வருவது என்ன என்பதை. நீர்க்குழாயும் சாக்கடையும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் தெருக்களில் விட்டுவிட்டு வரும் நீர், அழுத்தம் குறைந்த நேரங்களில் சாக்கடையை உறிஞ்சிக்கொள்கிறது. குழாய் இருக்கிறது என்று புள்ளிவிவரம் சொல்லும். குழந்தையின் வயிறு வேறு சொல்லும்.

தொற்றுள்ள குழந்தைகளுக்கெல்லாம் மருந்து கொடுத்துவிடலாமே என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. இவ்விடத்தில் அறிவியல் நம்மை நிதானிக்கச் சொல்கிறது. தொற்றுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அவ்வப்போது வரும் சாதாரண வயிற்றுவலிக்கு இக்கிருமியே காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆகவே வயிற்றுவலி என்றவுடன் சோதித்து மருந்து கொடுப்பதைக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் மலிவான சோதனையைக் கொண்டு குழந்தைகளிடம் முடிவெடுக்கக் கூடாது என்றும் அவை தெளிவாகச் சொல்கின்றன. புண் இருப்பதாக எண்டோஸ்கோபியில் தெரிந்தால் சிகிச்சை உறுதியாகத் தேவை. எந்த ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்று இயன்றவரை சோதித்து, பதினான்கு நாள் முழுமையாகத் தந்து, ஒழிந்ததா என்று மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ உறுதி செய்ய வேண்டும். நம் ஊரில் நடப்பது என்ன? சோதனைக்கூடத்துக்குக் கமிஷன், ஐந்து நாள் மருந்து, காசு தீர்ந்ததும் நிறுத்தம். இப்படி அரைகுறையாக வளர்த்ததன் பலனாக, கிளாரித்ரோமைசினுக்கு மசியாத ஹெலிகோபேக்டர் பைலோரி உலக சுகாதார அமைப்பின் 2017ஆம் ஆண்டு முன்னுரிமைக் கிருமிப் பட்டியலில் இடம்பெற்றது. மருந்தால் ஒழித்த குழந்தையும் அதே அறைக்கும் அதே நீருக்கும் திரும்பினால் மீண்டும் தொற்றுகிறது.

இரத்தசோகை விவாதத்திலும் இந்த நிதானம் தேவை. இக்கிருமி அமிலத்தைக் குறைத்து, உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும் என்பது நியாயமான கருதுகோள். ஆனால் வங்கதேசக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இரும்புச் சத்து தந்ததற்கு மேல் கிருமி ஒழிப்பால் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் இரத்தசோகை உள்ளோர் நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 58.6 விழுக்காடு, ஐந்தாவதில் 67.1 விழுக்காடு. இந்த ஏற்றத்தின் பழியைக் கிருமியின் தலையில் கட்டிவிட்டு அரசு நழுவ இடம் தரக் கூடாது. முட்டையைத் தட்டிலிருந்து எடுத்தவர்களும் அங்கன்வாடி நிதியைக் கிள்ளியவர்களும் யார் என்பது தெரிந்ததே.

அதேபோல் எல்லாவற்றையும் வறுமை என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடவும் முடியாது. தொற்று இவ்வளவு பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் இந்தியாவில் ஒப்பீட்டளவில் குறைவு. மிசோரம் அதற்கு விதிவிலக்கு. நாட்டிலேயே இரைப்பைப் புற்று மிகுந்த பகுதி ஐசால் மாவட்டம். புகையிட்ட இறைச்சி, உப்பு, புகையிலைப் புகையை நீரில் செலுத்திச் செய்யும் ‘துய்புர்’ ஆகியவற்றோடு அங்கே கிருமி கைகோத்திருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஒரே கிருமி, வெவ்வேறு வாழ்க்கை, வெவ்வேறு விளைவு. இதைத் தொடர்ந்து ஆராயப் பொதுப்பணம் வேண்டும். சீனாவில் அந்த முயற்சி நடந்தது. ஜியாங்சு மாகாணத்தில் 6 முதல் 15 வயதுக்குட்பட்ட 4,464 குழந்தைகளிடம் வாய்வழித் தடுப்பூசி சோதிக்கப்பட்டு, முதலாண்டில் 71.8 விழுக்காடு பாதுகாப்பு தந்ததாக 2015இல் முடிவு வெளியானது. பத்தாண்டுகள் கடந்தும் எந்த நாட்டின் தடுப்பூசித் திட்டத்திலும் அது இடம்பெறவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கு ஒருமுறை தந்து முடித்துவிடும் மருந்தைவிட, பணமுள்ளோர் ஆயுள் முழுதும் விழுங்கும் மாத்திரையே சந்தைக்கு உகந்தது.

நம் இயக்கத்துக்கு இத்துறையில் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால்தான் ரானிடிடினை இந்திய நிறுவனங்கள் எண்பதுகளிலேயே மிகக் குறைந்த விலைக்குத் தந்தன. காட் ஒப்பந்த எதிர்ப்பு இயக்கத்தின் மேடைகளில் அம்மருந்தின் விலை ஒப்பீடு அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டதை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிகளின் வற்புறுத்தலால் 3(டி) பிரிவு வலுப்பெற்றது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்கும் தந்திரத்துக்கு அது தடை போட்டது. அமிலத் தடுப்பு மருந்துகளிலேயே அத்தந்திரத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓமிபிரசோலின் காப்புரிமை முடியும் தறுவாயில், அதே மூலக்கூறின் ஒரு பாதியை எசோமிபிரசோல் என்று பெயர் மாற்றி 2001இல் அமெரிக்கச் சந்தையில் இறக்கினார்கள்.

ஆனால் மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று போராடியதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. தேவையற்ற மருந்து மலிவாகக் கிடைத்தாலும் அது கொள்ளைதான். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் தருவதைக் கட்டுப்படுத்த 2024 மார்ச்சில் வந்த நெறிமுறைத் தொகுப்பு, சட்டமாக இல்லாமல் நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்த தேர்தல் பத்திரங்களை வாங்கியோர் பட்டியலில் மருந்து நிறுவனங்கள் வரிசையாக இருந்ததை இதனோடு சேர்த்துப் படிக்கலாம். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைத் தொடும் என்றது. 2021-22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, பெருந்தொற்றின் கூடுதல் செலவுகளையும் சேர்த்தே அது 1.84 விழுக்காடு. மக்கள் தம் கையிலிருந்து செலவிட்டது மொத்தச் செலவில் 39.4 விழுக்காடு. நான் படித்துச் சொன்ன அந்தச் சீட்டின் ஐந்து மருந்துகளும் இந்த 39.4க்குள் எங்கோ இருக்கின்றன.

நமது கிளைகள் நடத்தும் மருத்துவ முகாம்களைப் பற்றியும் ஒரு சொல். வயிறு எரிகிறது என்று வருவோருக்கெல்லாம் கைநிறைய மாத்திரை கொடுத்தனுப்பும் முகாம், மருந்துக்கடையின் வேலையைத்தான் இலவசமாகச் செய்கிறது. அதே முகாமில் ஒரு எடைக்கருவியை வைத்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை நிறுத்திப் பார்க்கலாம். அந்தத் தெருக்குழாயின் நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையை நகராட்சி அலுவலக வாசலில் ஒட்டலாம். 2018 அக்டோபரிலிருந்து 4,500 ரூபாயிலேயே நிற்கும் ஒன்றிய அரசின் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு அங்கன்வாடி ஊழியர்கள் தெருவில் உட்காரும்போது, காப்பகக் கோரிக்கையையும் அவர்களது பதாகையில் சேர்த்து, கட்டடத் தொழிலாளர் சங்கமும் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கமும் அருகில் அமரலாம். மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் சங்கம் மருந்துச் சந்தையின் உள்விவகாரங்களை நன்கறிந்தது; டாம்பெரிடோன் கலவைகள் குழந்தைகளுக்கு எப்படி எழுதப்படுகின்றன என்பதைச் சொல்ல அத்தோழர்களைவிடத் தகுதியானவர் இல்லை. அவர்களைப் பேச அழைத்து ஒரு கூட்டம் போடுவதற்கு மாநிலக் குழுவின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த இளந்தோழரின் துணைவியாருக்கு, அவர் வேலை செய்யும் வீடுகளில் இரண்டை விட்டுவிடுமாறு எவரும் எளிதாக அறிவுரை கூறிவிடலாம். அந்த இரண்டு வீடுகளிலிருந்து வருவதுதான் அறை வாடகை.